‘கூகுளில் முதல் இடம்’ என்று அழைப்பு வந்தால்: 1,850 வெள்ளியும் லிஸ்டிங்கும் போன விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கூரை, வயரிங், குழாய் வேலை எடுத்துச் செய்யும் சிறு குத்தகையாளர்களுக்காக இந்தப் பதிவு. கூகுள் மேப்பில் இருக்கும் எங்கள் கடை லிஸ்டிங்கை (கடையின் பெயர், எண், விமர்சனம் எல்லாம் தெரியும் பக்கத்தை) தேடலில் மேலே கொண்டுவருவதாகச் சொல்லி ஒரு விளம்பர ஏஜென்ட் 1,850 வெள்ளி வாங்கினார். நான்காவது மாதம் லிஸ்டிங் முடங்கியது. அதற்கு முன்பே அதிலிருந்த தொலைபேசி எண் எங்களுடையதாக இல்லை. ஏஜென்ட் பெயரைப் போடவில்லை. இதே வேலையை வேறு வேறு பெயர்களில் செய்கிறார்கள், செய்யும் முறை மட்டும் மாறுவதில்லை.

முதலில் வருவது ஓர் அழைப்பு. “அண்ணே, கூகுள்லருந்து பேசுறோம். ஒங்க லிஸ்டிங் வெரிஃபை பண்ணல, இன்னைக்கு ராத்திரி எடுத்துருவாங்க.” அடுத்த நிமிடமே கடை எண்ணுக்கு ஒரு குறியீட்டு எண் வரும். அதைப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். சொன்னால் முடிந்தது கதை. பல ஆண்டுகளாக யாரும் உரிமை கோராமல் மேப்பில் கிடந்த லிஸ்டிங், 23 உண்மையான விமர்சனங்களோடு, அந்த நொடியில் அவர்களுடைய ஜிமெயிலுக்குப் போய்விடும். உங்கள் கடையை மேப்பில் தேடிப் பாருங்கள். பெயருக்குக் கீழே ‘இந்தத் தொழில் உங்களுடையதா?’ என்ற கேள்வி இருந்தால், அது இன்னும் பூட்டுப் போடாத வீடு. இன்றைக்கே உங்கள் சொந்த ஜிமெயிலில் உரிமை கோரிவிடுங்கள். காசு கிடையாது. மேலே வரவும் காசு கிடையாது: உள்ளூர்த் தேடலில் நல்ல இடத்தைப் பணம் கொடுத்து வாங்க வழியே இல்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடலுக்கு மேல் ‘விளம்பரம்’ என்ற குறியோடு வருவது வேறு கணக்கு. அதையும் இதையும் குழப்பித்தான் வியாபாரம் நடக்கிறது.

பணம் கட்டிய பிறகு எங்களுக்குக் கிடைத்தது மேனேஜர் அனுமதி. அதில் படம் போடலாம், நேரம் மாற்றலாம், விமர்சனத்துக்குப் பதில் எழுதலாம். ஆளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அந்த அதிகாரம் ஓனருக்கு மட்டும்தான். ஓனர் பலர் இருக்கலாம், பிரைமரி ஓனர் ஒருவர்தான். வீட்டை நாம் கட்டி, கிராண்டு அடுத்தவர் பேரில் இருக்கிற மாதிரி. பார்க்கும் வழி: உங்கள் ஜிமெயிலில் நுழைந்து கூகுளில் கடைப்பெயரைத் தேடுங்கள். மேலே வரும் கட்டுப்பாட்டுப் பகுதியில் மூன்று புள்ளி, பிறகு ‘பிசினஸ் புரொஃபைல் செட்டிங்ஸ்’, பிறகு ‘பீப்பல் அண்ட் ஆக்சஸ்’. அங்கே உங்கள் பெயருக்குக் கீழே ‘பிரைமரி ஓனர்’ என்று இல்லாவிட்டால் யாருக்கும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். வெளி ஆளை வைத்து வேலை வாங்குவது தவறில்லை. அவரை மேனேஜராக நீங்கள் சேர்க்க வேண்டும், அவர் உங்களைச் சேர்க்கக்கூடாது. “ஒங்கள ஓனரா போட்டுட்டேன், மீதிப் பணத்த அனுப்புங்க” என்று ஏஜென்ட் சொன்னால் அன்றே அனுப்ப வேண்டாம். புதிதாகச் சேர்ந்த ஓனரால் முதல் 7 நாள் மற்ற ஓனர்களை நீக்க முடியாது. எட்டாம் நாள் அந்த ஏஜென்டை நீக்கிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

இனி அந்த 1,850 வெள்ளிக்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

கடைப்பெயரை மாற்றினார்கள். எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிந்த பெயருக்குப் பின்னால் ‘சுங்கை சிப்புட் ஈப்போ கோலகங்சார் பும்போங் போச்சோர் வயரிங் பாய்ப் 24 ஜாம்’ என்று ரயில் பெட்டி மாதிரி கோர்த்துவிட்டார்கள். இரண்டு வாரம் தேடலில் ஏறியது உண்மை. அதைக் காட்டித்தான் இரண்டாம் தவணை வாங்கினார்கள். ஆனால் பலகையிலும் ரசீதிலும் இல்லாத சொற்களைப் பெயரில் சேர்ப்பது விதிமீறல். போட்டிக் கடைக்காரர் ஒருவர் மேப்பில் ‘திருத்தம் பரிந்துரை’ பட்டனை அழுத்தினாலே மாட்டிக்கொள்வோம்.

அடுத்து, ஈப்போவிலும் கோலகங்சாரிலும் ‘கிளை’ என்று இரண்டு லிஸ்டிங் திறந்தார்கள். முகவரி, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வாடகை அலுவலகங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் வேலை செய்யும் தொழிலுக்கு ஓர் இடத்துக்கு ஒரு லிஸ்டிங்தான். ஆள் உட்காராத அலுவலகம், அஞ்சல் பெட்டி எண் எதுவும் செல்லாது. வெளியூர் வேலையும் எடுப்பீர்கள் என்றால் அதற்கென்றே ‘சேவைப் பகுதி’ இருக்கிறது. 20 இடம் வரை போடலாம், மொத்த எல்லை கடையிலிருந்து சுமார் 2 மணி நேர வண்டி ஓட்டத்துக்குள் இருக்க வேண்டும். சாலாக் உத்தாரா, லிந்தாங், செம்மோர், ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் எல்லாம் தாராளமாக அடங்கும். கோலாலம்பூரைப் போடுவது வீண். பகுதியைச் சேர்த்துவிட்டதால் அங்கே முதலில் வந்துவிடவும் மாட்டோம். தூரத்தைக் கூகுள் உங்கள் உண்மையான இடத்திலிருந்துதான் பார்க்கிறது. தாமான் வீட்டிலிருந்தே தொழில் நடத்துபவர் முகவரியை மறைத்து, சேவைப் பகுதியை மட்டும் காட்ட வேண்டும்.

விமர்சனம். இரண்டு வாரத்தில் 40 ஐந்து நட்சத்திரம் விழுந்தது. எல்லாம் ‘குட் சர்வீஸ்’, ‘வெரி நைஸ்’ ரகம். எழுதிய கணக்குகளைத் திறந்தால் ஒரே நாளில் ஜொகூர் பல் மருத்துவருக்கும் வெளிநாட்டு ஹோட்டலுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். கூகுள் இதைக் கண்டுபிடித்தால் போலிகளை மட்டும் எடுப்பதோடு நிற்காது. கொஞ்ச காலத்துக்குப் புதிய விமர்சனம் எழுத விடாமல் தடுக்கலாம், இருப்பவற்றை மறைக்கலாம், போலி விமர்சனம் நீக்கப்பட்டது என்று வருபவர் கண்ணில் படும்படி அறிவிப்பும் போடலாம். எங்களுக்கு மூன்றும் நடந்தது. தோட்டத்து ஆயா ஒருவர் பேத்தியை விட்டுத் தமிழில் எழுத வைத்த விமர்சனமும் அதில் மறைந்துபோனது. அந்தப் போலி 40-ஐவிட வேலை கொண்டுவந்தது அதுதான். தள்ளுபடி தருகிறோம், எழுதுங்கள் என்பதும் விதிமீறல்தான், தெரிந்துகொள்ளுங்கள். திருப்தியானவரிடம் மட்டும் கேட்டு மற்றவரைத் திசைதிருப்புவதும் கூடாது. லிஸ்டிங்கிலேயே விமர்சனம் கேட்கும் லிங்க்கும் கியூஆர் குறியும் கிடைக்கும். ரசீதுப் புத்தகத்தின் அடியில் அதை அச்சிட்டு, வேலை முடிந்த எல்லாரிடமும் கேட்டால் போதும்.

மிக மோசமானது தொலைபேசி எண். ‘எத்தனை அழைப்பு வருது என்று கணக்கெடுக்க’ என்று சொல்லி எங்கள் 05 எண்ணை எடுத்துவிட்டு அவர்கள் வாங்கிய ஒரு கைப்பேசி எண்ணைப் போட்டார்கள். அழைப்பு அங்கே போய் எங்களுக்குத் திரும்பி வந்தது. நான்காம் மாதக் கட்டணம் தர மறுத்ததும் அதே எண் ஈப்போவில் வேறொரு குத்தகையாளருக்குத் திரும்பியது. எங்கள் கடைப்பெயர், எங்கள் படங்கள், வேலை மட்டும் அவருக்கு. மாதம் ஒரு முறை, வேறொருவர் கைப்பேசியிலிருந்து, மேப்பில் தெரியும் எண்ணை அழுத்திப் பாருங்கள். மணி உங்கள் கடையில் அடிக்க வேண்டும். ‘வெப்சைட்’ பட்டன் எங்கே போகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எங்கள் வெப்சைட் டொமைன் (இணைய முகவரி) அவர்கள் பேரில் பதிவாகியிருந்தது. ‘கூகுள் தரும் இலவச வெப்சைட்’ என்று தனியாக ஒரு வரி பில்லில் இருந்ததே, அந்தச் சேவையைக் கூகுள் 2024 மார்ச்சிலேயே மூடிவிட்டது. லிஸ்டிங்குக்குள் இருந்த உரையாடல் வசதியும் அதே ஆண்டு ஜூலையில் போய்விட்டது. இன்னும் இவற்றை யாராவது விற்றால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

மாத அறிக்கையில் வந்த ‘முதல் இடம்’ படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைவாசலில் நின்று தேடினால் எந்தக் கடையும் மேலே வரும். பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது. ஒரே சொல்லைக் கடைக்கு அருகிலும், லிந்தாங் போகும் வழியிலும், செம்மோரிலும் தேடினால் மூன்று வரிசை வரும். எந்த இடத்தில் நின்று தேடியது என்று சொல்லாத படம் வெறும் காகிதம்.

மீட்கும் வழி. மேப்பில் உங்கள் லிஸ்டிங்கைத் திறந்து உரிமை கோரினால், வேறொருவர் வைத்திருக்கிறார் என்று வரும். அங்கேயே அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள். வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள். பதில் வராவிட்டால் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரலாம். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். குறைந்தது 30 வினாடி, வெட்டாமல் ஒரே ஓட்டமாக, அந்தப் பக்கத்திலிருந்தே கைப்பேசியில் எடுக்க வேண்டும். சாலைப் பெயர்ப்பலகை, பக்கத்துக் கடை, உங்கள் பலகை, பெயர் எழுதிய லோரி, சாவி போட்டு ஸ்டோரைத் திறப்பது, உள்ளே சிங்க் தகடு, ஏணி, டிரில், பிறகு எஸ்எஸ்எம் சான்றிதழ் என்று வரிசையாக நடந்து காட்டுங்கள். அடையாளக் கார்டையும் வங்கிக் கணக்கு எண்ணையும் காட்டக்கூடாது. பலர் தோற்பது இரண்டு இடத்தில்: பலகையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர், அல்லது தோட்டப் பக்கத்து ஸ்டோரில் லைன் பலவீனமாகி வீடியோ பாதியில் நிற்பது. எடுத்த பிறகு வைஃபை இருக்கும் இடத்துக்குப் போய் வீடியோ ஏறி முடியும்வரை அந்தப் பக்கத்தை மூடாதீர்கள்.

லிஸ்டிங் முடங்கியிருந்தால் புதிதாக ஒன்று திறக்க வேண்டாம், சிக்கல் இரட்டிப்பாகும். முதலில் பெயரை எஸ்எஸ்எம் பெயருக்கே திருப்புங்கள், போலிக் கிளைகளை நீக்குங்கள், அதன் பிறகு கூகுளிடம் மேல்முறையீடு. விண்ணப்பத்தில் ஆதாரம் சேர்க்கும் பக்கம் திறந்ததும் 60 நிமிடம்தான். ஆகவே எஸ்எஸ்எம் சான்றிதழ், அதே முகவரியில் வந்த டிஎன்பி மின்சார பில், பலகை, லோரி படங்கள் எல்லாம் கையில் தயாரான பிறகே பட்டனை அழுத்துங்கள்.

கையில் வந்த பிறகு செய்ய வேண்டியது ஒரு மதிய வேலை. முதன்மைத் தொழில் வகை ஒன்று, கூடுதலாக 9 வரை போடலாம். எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். கூரை வேலைதான் அதிகம் என்றால் முதன்மை வகை ‘கூரை குத்தகையாளர்’, பொதுவான ‘குத்தகையாளர்’ அல்ல. சேவைப் பட்டியலை மலாயிலும் எழுதுங்கள். தமிழரே ஆனாலும் கூரை ஒழுகும்போது ‘பும்போங் போச்சோர்’ என்றுதான் தட்டுகிறார்கள். விளக்கத்துக்கு 750 எழுத்து, அதில் லிங்க் போடக்கூடாது. படங்கள் 720க்கு 720 பிக்சலுக்குக் குறையாமல், நீங்கள் செய்த வேலையாகவே இருக்கட்டும். தீபாவளி விடுமுறை நேரத்தைத் தனியாகப் போடுங்கள். பூட்டிய கடைக்கு வந்து திரும்பியவர் ஒரு நட்சத்திரத்தோடுதான் வீடு போவார்.

பணத்தைத் திரும்பப் பெற பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு ஓடாதீர்கள். அது சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவருக்குத்தான், தொழிலுக்கு வாங்கிய சேவை அங்கே எடுபடாது. தனிநபர் தொழிலாகப் பதிந்தவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறையில் 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமல், படிவம் 198 நிரப்பிக் கோரலாம். இன்வாய்ஸ், பணம் அனுப்பிய ரசீது, புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசியவை எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். இப்போதுதான் பணம் போனது என்றால் உடனே வங்கிக்கும் மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் அழையுங்கள், பிறகு போலீஸ் ரிப்போர்ட். அனுப்புவதற்கு முன்பே மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

அந்த இரண்டு போலிக் கிளைகளும் ஏஜென்டின் கணக்கிலேயே இருந்ததால் மேப்பில் ‘திருத்தம் பரிந்துரை’, ‘மூடு அல்லது நீக்கு’, ‘இங்கே இல்லை’ என்று புகார் செய்தோம். ஈப்போ லிஸ்டிங் போய்விட்டது. கோலகங்சார் லிஸ்டிங் இன்னும் இருக்கிறது, அதே கைப்பேசி எண்ணோடு. அந்தப் பக்கம் உள்ளவர்கள் எங்கள் பெயரைப் பார்த்து அந்த எண்ணை அழைக்க வேண்டாம். கடையின் எண் 05-இல் தொடங்கும்.