சக்கர நாற்காலிக் குழுவின் சுற்றுலாவுக்குக் கப்பலா, லிஃப்ட் வைத்த பஸ்ஸா?

கப்பலில் பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும், அறையே கூட வரும். குளியலறைக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று தினமும் துழாவ வேண்டாம். ஆனால் அகலக் கதவு அறைகள் சொற்பம்; குழுவாகப் போனால் வெகு முன்னாலேயே பிடிக்க வேண்டும். இன்னொன்று: கப்பல் கரையை ஒட்டாமல் தள்ளி நங்கூரமிட்டால் சிறு படகில்தான் இறங்க முடியும். அலை அடித்தால் சக்கர நாற்காலியை ஏற்ற மறுத்துவிடுவார்கள். அன்றைக்கு ஊரை மேல்தளத்திலிருந்து பார்க்க வேண்டியதுதான்.

பஸ் வாசல்வரை போகும், சரி. அப்புறம் ஒவ்வொரு நாற்காலியாக லிஃப்டில் ஏற்றி, நான்கு பட்டைகளால் தரையோடு இறுக்கி, ஆளுக்குத் தனி பெல்ட் போட்டு... ஆறு பேர் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரம் கரையும். நாளுக்கு இரண்டு இடம் போதும்.

என் ஓட்டு கப்பலுக்கு, துறைமுகப் பட்டியலைப் பார்த்த பிறகு.