‘ஆர்டர் இழுக்கும் ஆப்’ என்று யாராவது அனுப்பினால் தொடாதீர்கள்

செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் பக்கம் சாப்பாடு டெலிவரி ஓட்டும் நம் பிள்ளைகள் கவனத்துக்கு. நானும் நாலு வருஷமாக ஓட்டுகிறவன்தான். ஒரு ஆப்பை நம்பி 2,120 வெள்ளியும் இரண்டு வாரப் பிழைப்பும் போய்விட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை என்னிடம் விற்ற ஆள் இன்னும் வாட்சாப் குழுக்களில் உலாவுகிறான்.

நாளுக்கு 18, 20 ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று பத்தைத் தாண்டவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று கம்பெனி ஆப்பில் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் எழுத்து மாறாத அதே பதில். திட்டுவதற்குக்கூட ஒரு மானேஜர் கிடையாது. மாமாக் கடையில் தே தாரேக்கோடு உட்கார்ந்தால் ஆளுக்கொரு ஜோசியம். “நேத்து ரெண்டு ஆர்டரத் தள்ளிவிட்டீங்கல்ல, சிஸ்டம் கோவிச்சுக்கிச்சு” என்பான் ஒருவன். பேட்டரி குறைந்தால் ஆர்டர் வராது என்பான் இன்னொருவன். ஆப்பை மூடித் திறந்தால் வரும், இடத்தை மாற்றி நின்றால் வரும். கோயில் பிரகாரம் மாதிரி ஒரே கடைவரிசையை நானும் மோட்டாரில் மூன்று சுற்று சுற்றியிருக்கிறேன். எது உண்மை, எது பொய் என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் அவன் வந்தான்.

குழுவில் ஒரு குரல் பதிவு. சுத்தமான நம்மூர்த் தமிழ். “அண்ணே, நானும் ரைடர்தாண்ணே. கிட்டத்து ஆர்டர், நல்ல காசு ஆர்டர் மட்டும் இழுத்துக் குடுக்கும். மூணு நாள் முப்பது வெள்ளி, புடிச்சிருந்தா மாசம் நூத்தம்பது.” பணம் அனுப்பக் கொடுத்த கியூஆரில் வேறொரு பெயர் வந்தது. கேட்டேன். “மாமா அக்கவுண்ட்டுண்ணே” என்றான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

பிளே ஸ்டோரில் இல்லாத ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பை நேராகப் போனில் ஏற்றும் கோப்பு. போட வேண்டுமென்றால் கெட்ட ஆப்பைத் தடுக்கும் பிளே புரொடெக்டை அணைக்கச் சொன்னான். பிறகு செட்டிங்கில் ‘அக்சசிபிலிட்டி’ அனுமதி. அதைக் கொடுத்தால் அந்த ஆப் நம் திரையைப் படிக்கும், நமக்குப் பதிலாக விரல்கூட வைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் நிஜமாகவே ஆர்டர் கூடியது! மூன்றாம் நாள் சந்தோஷமாக நூற்றைம்பதைக் கட்டினேன். அந்த வாரம் தினமும் சாயங்காலம் மழை, அதோடு சம்பளம் போட்ட வாரம். மழை பிடித்தால் பாதி ரைடர் மேம்பாலத்தடியில் ஒதுங்குவான், வீட்டில் இருக்கிறவனெல்லாம் ஆர்டர் போடுவான். நாலு வருஷம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். மழைக்கு வரவேண்டிய புகழை ஆப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

கணினி படிக்கும் என் தங்கை மகன் பிறகு விளக்கினான். எந்த ஆர்டர் யாருக்கு என்பது கம்பெனியின் சர்வரில் முடிவாகிறது. நம் போனுக்கு வருவது அந்த முடிவு மட்டும்தான். போனில் உட்கார்ந்திருக்கும் எந்த ஆப்பும் அதை உள்ளே போய் மாற்ற முடியாது. மிஞ்சிப் போனால் வந்த ஆர்டரை நம் விரலுக்கு முன்னால் அமுக்கும், இல்லையென்றால் நாம் வேறு இடத்தில் நிற்பதாகப் பொய் ஜிபிஎஸ் காட்டும். மாட்டினால் கணக்குக்கே வேட்டு.

ஐந்தாம் நாள் ராத்திரி போன் திரை கறுத்தது. அப்டேட் ஆகிறது போல என்று தூங்கிவிட்டேன். காலையில் வங்கியில் இருந்த 1,940 வெள்ளி இல்லை. மோட்டார் தவணையும் மகளின் ஸ்கூல் பஸ் காசும் அதில்தான் இருந்தது. அன்றே மதியம் டெலிவரி கணக்கும் முடக்கம். வங்கிக்குப் போன் போட்டேன், மோசடிப் புகார் எண் 997-க்கு அடித்தேன், போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் கொடுத்தேன். உங்கள் போனிலிருந்துதானே பணம் போயிருக்கிறது என்றது வங்கி. இதுவரை ஒரு சென் திரும்பவில்லை. காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த ‘மாமா’ கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே புகார் இருந்தது. அரை நிமிஷ வேலை. காசு அனுப்புவதற்கு முன்னால் செய்யவில்லை.

உங்களுக்கு இப்படித் திரை கறுத்தால் உடனே வைஃபை ரவுட்டரை அணையுங்கள், சிம்மை உருவுங்கள். வேறொரு போனில் வங்கியை அழைத்து எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள், 997-க்கும் சொல்லுங்கள். விடியட்டும் என்று நான் காத்திருந்த அந்த ஆறு மணி நேரம்தான் பணத்தைக் கொண்டுபோனது.

கணக்கு முடக்கத்துக்கும் மேல்முறையீடு போட்டேன். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் (நம்மைப் போல ஆப் வழியாக வேலை எடுத்து ஓட்டுகிறவர்கள்) சட்டத்தில் நம் பிணக்கைக் கேட்கத் தனித் தீர்ப்பாயம் உண்டு. ஆனால் வெளி ஆப்பைப் போட்டது நான். எந்த முகத்தோடு போய் நிற்பது? இரண்டு வாரம் கழித்துக் கணக்கு தானாகத் திறந்தது. ஏன் மூடினார்கள், ஏன் திறந்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை கெப்போங் தம்பி ஒருவன் எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பி, “இது ஓகேவா அண்ணே?” என்று கேட்டான். போட்டுக் கேட்டேன். பெயர் வேறு, படத்தில் இப்போது பத்துமலை முருகன். குரல் அதேதான். விலை மட்டும் மாசம் நூற்றெண்பது ஆகியிருக்கிறது.