சுவர் பாஸ், பாத்ரூம் பெயில்: வில்லுக்குறி பக்கம் வாங்கிய பேனல் வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டமும் சிமென்ட் போர்டும் வைத்துக் கட்டிய இந்த வீட்டை வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. நாளைக்கே இன்னொரு வீடு வாங்கவேண்டி வந்தாலும் இதே முறையில் கட்டியதைத்தான் தேடுவேன். ஆனால் விற்ற பில்டர் ஒரு பெரிய விஷயத்தைக் கோட்டை விட்டிருக்கிறார். அதைத் திருத்தாமல் அடுத்த லேஅவுட்டிலும் இப்படியே கட்டினால், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த முறைக்கே கெட்ட பெயர் வந்துவிடும். அந்தக் கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்த முறையில் வீடு கட்டி விற்கும் யாரிடம் போனாலும் கேட்கவேண்டியதை எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு யார்டில் பிளம்பிங் வேலை பார்த்தவன். அங்கே நாங்கள் செய்தது பாத்ரூம். முழு பாத்ரூம்! தரை, சுவர், டைல்ஸ், குழாய், கண்ணாடி எல்லாம் யார்டிலேயே முடித்து, லாரியில் ஏற்றி அனுப்புவோம். சைட்டில் கிரேன் வைத்துத் தூக்கி மாடியில் வைப்பார்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பைக் கட்டடத்து லைனோடு சேர்ப்பார்கள், வேலை முடிந்தது. 2014 நவம்பரிலிருந்து அங்கே அரசு ஏலம் விடும் நிலத்தில் தனியார் கட்டும் அடுக்குமாடிகளுக்கு இந்த ரெடிமேட் பாத்ரூம் கட்டாயம். சில நிலங்களில் அறையையே பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து அடுக்கவேண்டும் என்று நிபந்தனை. 2019-ல் முடிந்த கிளெமென்ட் கனோப்பி என்ற 40 மாடி இரட்டைக் கோபுரம் அப்படிக் கட்டியதுதான். 505 வீடு, 1,866 பெட்டி. கட்டியது தனியார். இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவனுக்கு, இங்கே ஒரு வீடு முடிய ஒன்றரை வருஷம் ஆவதைப் பார்த்தால் பொறுக்காது.

நம் ஊர் நிலைமை தெரிந்ததுதான். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை ஒரு பக்கம், துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழை ஒரு பக்கம், இரண்டு மழையும் நமக்குத்தான். வார்ப்பு போட நாள் குறித்தால் அன்றைக்கு வானம் பொத்துக்கொள்ளும். கொத்தனார் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மூன்று சைட்டை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மாறி மாறி ஓடுவார். கையாளுக்கு வட மாநிலத்துப் பையன்களை நம்பியிருக்கிறோம், அவர்கள் ஊருக்குப் போனால் வேலை நிற்கும். ஃபாக்டரியில் சட்டம் அடித்துக்கொண்டுவந்து சைட்டில் ஸ்குரு போட்டு நிறுத்தும் முறை வேறு எங்கே வேண்டுமோ வேண்டாமோ, இங்கே கட்டாயம் வேண்டும்.

என் வீடு இருப்பது வில்லுக்குறிக்கும் தக்கலைக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் நின்ற சரிவில். பத்துக்கு மேல் வீடுகள், ஒரே மாதிரி பிளான், கீழே ஹாலும் சமையலறையும் ஒரு படுக்கையறையும், மேலே இரண்டு அறை. ஒரே பிளானைத் திரும்பத் திரும்பக் கட்டும்போதுதான் இந்த முறைக்குக் கணக்கு கட்டுபடியாகும். தனி ஆள் தன் இஷ்டத்துக்கு ஒற்றை வீடு கட்டினால் விலை ஏறும்.

அஸ்திவாரம் வழக்கம்போலத்தான். கருங்கல், மேலே பெல்ட் கான்கிரீட். அதற்கு மேல்தான் மாற்றம். துத்தநாகம் பூசிய தகட்டை மிஷினில் மடித்து, ஓட்டை போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் அடித்துக் கொண்டுவந்தார்கள். பிளானில் உள்ள நம்பரும் துண்டில் உள்ள நம்பரும் ஒத்துப்போனால் பொருத்தவேண்டியதுதான். கீழ்த்தளத்துச் சட்டம் முழுவதும் ஒரு வாரத்துக்குள் நின்றுவிட்டது. பக்கத்துப் பறம்பில் வெட்டுக்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த மேசிரி தினமும் வந்து பார்ப்பார். "அண்ணே, இதுக்கு லெவல் எல்லாம் பாக்கவே வேண்டாம் போலிருக்கே" என்றார். நான் தூக்குக்குண்டு வாங்கிப் பிடித்துக் காட்டினேன். துல்லியம். கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் விட்ட இடம் எல்லாம் சொன்ன அளவில் இருந்தது. மரத்தில் துண்டு துண்டாக இழைத்துப் பொருத்தும் வேலை இந்த மண்ணுக்குப் புதியதில்லை. தக்கலையிலிருந்து ஒரு எட்டு நடந்து பத்மநாபபுரம் அரண்மனையின் கூரையை அண்ணாந்து பார்த்தால் தெரியும். அதனால் 'நம்ம ஊருக்கு ஒத்துவராது' என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை.

சட்டத்துக்கு வெளியே சிமென்ட் போர்டு, உள்ளேயும் போர்டு, நடுவில் சூட்டையும் சத்தத்தையும் தடுக்கும் பஞ்சு. முக்கால் அடிச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் வரும். இது 60 கிலோவைத் தாண்டாது. மேற்குப் பக்கத்து அறையில் மத்தியானம் வெயில் அடித்தாலும் ராத்திரி சுவர் சூட்டைக் கக்குவதில்லை, அது பெரிய ஆறுதல். கரையான் பிரச்சினை சுவருக்கு இல்லை. ரப்பர் குற்றி புதைந்து கிடக்கும் மண்ணில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

அம்மைக்கு மட்டும் முதலில் பிடிக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மக்களே, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி சத்தம் கேக்குதே, கள்ளன் வந்தா அறுத்துட்டு வந்துர மாட்டானா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. போர்டை கிரைண்டர் வைத்து அறுக்கலாம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றேகால் அடிக்கு ஒரு இரும்பு நிற்கிறது, குறுக்கிலும் பட்டை ஓடுகிறது, ஊரையே எழுப்பாமல் ஆள் நுழையும் அளவுக்கு அறுக்க முடியாது. இப்போது அம்மை தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஆணி அடிப்பது வேறு கதை. நினைத்த இடத்தில் அடிக்க முடியாது. டிவி, கீசர், சமையலறை அலமாரி எங்கே வரும் என்று போர்டு மூடுவதற்கு முன்பே சொன்னால் உள்ளே பிளைவுட் வைத்துத் தருகிறார்கள். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட கொக்கி வேண்டும் என்று கேட்டு அதற்கும் தனியாக ஒரு இரும்பு போட வைத்தேன். இதைக் கேட்காமல் குடிவந்த எதிர்வீட்டு டீச்சர் இப்போது தொட்டிலுக்கு ஸ்டாண்டு வாங்கியிருக்கிறார். பில்டர் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் உட்காரவைத்துக் கேட்டிருக்கவேண்டிய விஷயம் இது.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்ததை மறக்க முடியாது. ரப்பரும் வாழையும் தென்னையும் சரிந்து கிடந்தன, ஷீட் கூரை எங்கெங்கோ பறந்து விழுந்தது. கனம் குறைந்த வீட்டைக் காற்று தள்ளுவது மட்டுமில்லை, மேலே தூக்கவும் பார்க்கும். அதனால் சட்டத்தைப் பெல்ட்டோடு பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட்டும், கூரைச் சட்டத்தைச் சுவர்ச் சட்டத்தோடு கட்டும் பட்டையும்தான் இந்த வீட்டுக்கு உயிர். ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் என்று காற்றுக் கணக்குக்கு ஒரு இந்தியத் தரவிதி இருக்கிறது. அதன்படி போட்ட கணக்கைக் காட்டச் சொன்னேன். சைட் எஞ்சினியர் பையன் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினான், போல்ட்டையும் ஒவ்வொன்றாக முடுக்கிக் காட்டினான். இந்த இடத்தில் அவர்களுக்கு முழு மார்க்.

இனி பாத்ரூம்.

சுவரை மில்லிமீட்டர் கணக்கில் ஃபாக்டரியில் செய்துகொண்டு வந்தவர்கள், பாத்ரூமை மட்டும் பழைய வழியில் சைட்டிலேயே செய்தார்கள். மாடியில் தகடு விரித்துக் கான்கிரீட் போட்டு, குழாய் ஓட தரையைப் பள்ளமாக இறக்கி (சங்கன் என்பார்கள்), பிளம்பர் ஒரு நாள், வாட்டர்ப்ரூஃப் அடிப்பவர் ஒரு நாள், டைல்ஸ்காரர் அடுத்த வாரம். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்ப்பதில்லை. தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றி விட்ட இடைவெளியைச் சாதாரண சிமென்ட் கலவையால் அடைத்திருக்கிறார்கள். தரையும் சுவர் போர்டும் சேரும் மூலையில் துணிவலை ஒட்டாமல் மேலே டைல்ஸ் பதித்துவிட்டார்கள். ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் கீழே ஹால் சீலிங்கில் பழுப்பு வட்டம் விழுந்தது. முதலில் மழைத்தண்ணீர் என்றார்கள். மழை விட்டு வெயிலடித்த நாட்களிலும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

செங்கல் சுவரில் கசிந்தால் பெயிண்ட் உப்பும், பாசி பிடிக்கும், உடனே தெரியும். இந்தச் சுவரில் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழே ஓடும் இரும்புத் தடத்தில் தேங்கி நிற்கும். வெளியே ஒன்றும் தெரியாது. துத்தநாகப் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஸ்குரு துளைத்த இடத்திலும் அறுத்த முனையிலும் எப்போதும் ஈரம் நின்றால் துரு பிடிக்காமல் இருக்காது. அதாவது, கசிவு எந்த வீட்டில் கூடவே கூடாதோ அந்த வீட்டில், கசிவு வரும் ஒரே அறையை ஆளாளுக்குக் கைபோட்டுச் செய்யவிட்டார்கள். யார்டில் நாங்கள் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வைப்போம். ஒரு சொட்டு கீழே வந்தாலும் அந்த பாத்ரூம் வாசல் தாண்டாது. இங்கே அந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை.

சரிசெய்து தந்தார்களா என்றால், தந்தார்கள். ஆனால் சும்மா தரவில்லை. போனில் சொன்னபோதெல்லாம் "பாக்கிறோம் சார்" என்ற பதில்தான். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவில், சாவி தந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைப்பாட்டிலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்யவேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். அடுத்த வாரமே ஆள் வந்தது. டைல்ஸை உடைத்து, மூலைகளில் வலை ஒட்டி, வாட்டர்ப்ரூஃப் மூன்று கோட் அடித்து, நான் சொன்னபடி தண்ணீர் கட்டி வைத்தார்கள். இப்போது உலர்ந்திருக்கிறது. டீச்சர் வீட்டிலும் அதே மூலையில் கசிவு இருந்தது, அவரும் எழுதிக் கொடுத்துச் சரிசெய்துகொண்டார்.

எஞ்சினியரிடம் கேட்டேன், "ஏன் தம்பி, பாத்ரூமை உங்க ஷெட்டிலேயே செஞ்சு கொண்டுவரலாமே?" ரோடு சின்னது, பெரிய லாரி திரும்பாது என்றான். முழு அறையைப் பெட்டியாகக் கொண்டுவர முடியாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். நம் உள்ரோடுகளில் இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்னால் போகவேண்டும். ஆனால் ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூம் சின்ன லாரியில் ஏறும். இரும்புச் சட்டத்தில் செய்தால் இங்கே வாடகைக்குக் கிடைக்கும் கிரேனே தூக்கும். பத்துக்கு மேல் வீட்டுக்கு ஒரே அளவில் பாத்ரூம் வேண்டுமென்றால், ஃபாக்டரிக்கு இதைவிட நல்ல வேலை எது? தனியார் பில்டர்கள் இந்த முறைக்கு மாறுவதாக இருந்தால் சுவரில் தொடங்கவேண்டாம், பாத்ரூமில் தொடங்குங்கள் என்பேன். சுவரைச் செங்கல்லில் கட்டினாலும் பரவாயில்லை.

விலை, அதே பகுதியில் விற்ற செங்கல் வீட்டைவிடக் குறைவில்லை. மிச்சமானது காலம்தான். லோனுக்கு வந்த மதிப்பீட்டாளர் 'இது நிரந்தரக் கட்டடமா?' என்று இழுத்தடித்தார், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரின் சான்றிதழைக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. கொளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வாங்குபவர்கள், உப்புக்காற்றுக்கு ஏற்ற கனத்தில் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இருப்பது உள்நாடு என்பதால் அது என் தலைவலி இல்லை.

ஷீட் கூரைக்கு அடியில் பஞ்சு வைத்திருப்பதால் பெருமழையிலும் டிவி சத்தம் கேட்கிறது. மாடியில் யாராவது ஓடினால் கீழே கேட்கும், அதற்கு வழியில்லை.

வாங்கப்போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். போர்டு மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், வயரும் பைப்பும் தெரியும்படி, பக்கத்தில் டேப் பிடித்து போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். என் வீட்டுக்கு நானே நின்று எடுத்தேன், கசிவு வந்தபோது எந்த டைலை உடைக்கவேண்டும் என்று அதை வைத்துத்தான் காட்ட முடிந்தது. பாத்ரூமில் தண்ணீர் கட்டும் அன்றைக்கு நேரில் போய் நில்லுங்கள், மறுநாள் கீழ்த்தளத்து சீலிங்கைத் தொட்டுப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.