மிர்-21ஐ அடக்குவதா, மிர்-34ஏ-வை ஊட்டுவதா?

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் இந்த இரண்டு மைக்ரோஆர்என்ஏக்களும் (புரதங்கள் உருவாவதை அடக்கும் குட்டி ஆர்என்ஏ துண்டுகள்) எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. மிர்-21 அளவுக்கு மீறிப் பெருகி, பிடிசிடி4 போன்ற கட்டியடக்கிப் புரதங்கள் உருவாகவிடாமல் தடுக்கிறது. 2005இல் வெளியான ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த கட்டிச் செல்களில் அதை முடக்கிப் பார்த்தார்கள். அதுவரை சாக மறுத்த செல்களில் செல்லைச் சாகடிக்கும் கேஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொண்டன. செல்கள் தாமாகவே மடிந்தன.

மிர்-34ஏ நேர்மாறு. பி53 என்ற கட்டியடக்கிப் புரதம் தூண்டிவிடும் இது, சி-மெட், நாட்ச் போன்ற வளர்ச்சிப் புரதங்களைக் குறைக்கும். கட்டியில் இதற்குத்தான் பஞ்சம்.

சரி, திரும்ப ஊட்டினால் போதாதா? எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தாக, கல்லீரல் உள்ளிட்ட வேறு உறுப்புகளின் புற்றுநோயில் முயன்றார்கள். கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகள் வர, 2016இல் நிறுத்திவிட்டார்கள்.

என் ஓட்டு மிர்-21ஐ அடக்குவதற்கே. ஆனால் அந்த மருந்தும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் எதையும் எளிதில் நுழையவிடாத ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டியாக வேண்டுமே!