தட்டைப் பாதம்: இன்சோலா, வெறுங்காலா?

குளித்துவிட்டு ஓடிய மகளின் ஈரக்கால் தடத்தில், நடுவில் இடைவெளியே இல்லை. முழுப் பாதமும் அப்படியே அச்சு. அப்போது அவளுக்கு 3 வயது. பயந்துபோய் இன்சோல், அதாவது உள்ளங்கால் வளைவைத் தாங்க மேடு வைத்த உள்திண்டு, வைத்த ஷூ வாங்கினோம். 8 மாதத்தில் அதைக் கைவிட்டோம். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

இன்சோலிலும் நல்லது உண்டு. போட்டதும் குதிகால் உள்பக்கம் சாய்வது குறைந்து தெரியும்; நமக்கும் ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதி. கழற்றினால் பாதம் பழையபடி.

வெறுங்காலுக்குச் செலவில்லை, அது தெரிந்ததே. சின்ன வயதில் உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருக்கும், தசைநார்களும் தளர்வாக இருக்கும்; அதனால் வளைவு தெரியாது. வளைவு பெரும்பாலும் 6 வயதுவாக்கில் தெரியும், சிலருக்கு 10 வயதுவரை ஆகும். 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 1 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு 3 வருடம் திருத்தக் காலணியும் இன்சோலும் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் போடாத குழந்தைகளின் பாதமும் அதே அளவுக்குத்தான் மேம்பட்டது.

என் மனதை மாற்றியது ஆய்வல்ல, பராமரிப்புதான். வளரும் கால் ஒரு அளவில் நிற்காது. பாதம் நீளும்போது இன்சோலின் மேடு இருந்த இடத்திலேயே இருக்கும். வளைவைத் தாங்க வேண்டியது குதிகால் பக்கம் குத்தத் தொடங்கும். நாலாவது மாதமே அவள் காலில் சிவந்த தடம். புதிதாக வாங்கினோம், அடுத்த நாலு மாதத்தில் மறுபடி அதே கதை. போதாக்குறைக்கு இன்சோல் தடிமன் என்பதால் ஷூவும் ஒரு அளவு பெரிது; முனை தட்டி விழுவாள். வீட்டுக்குள் எப்படியும் வெறுங்கால்தான். பிறகு எத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு பாடு?

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது வளைவு எழுந்தால் பாதம் நெகிழ்வானது, காத்திருக்கலாம். எழாமல் விறைப்பாக இருந்தாலோ, வலி, நொண்டல், ஒரு காலில் மட்டும் தட்டை என்றாலோ எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே இன்சோலுக்கு வேலை இருக்கலாம். என் மகளுக்கு வலி இருந்ததில்லை, அதனால் அதில் என் அனுபவம் செல்லாது.

இப்போது அவளுக்கு 6 வயது. ஈரத் தடத்தில் சின்ன வளைவு தெரிகிறது, வலது காலில் கொஞ்சம் கூடுதலாக. வெறுங்கால்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஷூவை விடாமல் போட்டிருந்தாலும் வந்திருக்கும்.