பில்லிங் மென்பொருளும் பரந்தன் சந்தியும்: ஏழு வருட அனுபவம்

எங்கள் கடை இலங்கையின் வடக்கே, விசுவமடுவில். சீமெந்து, கம்பி, தகரம், பைப், பெயின்ட் எல்லாம் இருக்கிறது. அப்பாவின் கடை, கணக்கு என் பொறுப்பு. 2018இல் கொழும்புக் கொம்பனி ஒன்றின் பில்லிங் மென்பொருளை வருடச் சந்தாவுக்கு எடுத்தோம். பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டும் இருக்கிறது.

"மென்பொருள் எப்படி?" என்று மற்றக் கடைக்காரர் கேட்பார்கள். பில் அடிக்கும், ஸ்டொக் காட்டும். அதை எந்த மென்பொருளும் செய்யும். வருடாவருடம் நான் காசு கட்டுவது அடுத்த அப்டேட் நேரத்துக்கு என் மேசைக்கு வருவதற்காக. அதனால் அது வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் அப்டேட் பஸ்ஸில் வந்தது. பகிடி இல்லை. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு டொங்கிள். மழை இருட்டினாலே சிக்னல் போய்விடும். கொம்பனிக்காரர் பென் டிரைவை ஒரு மருந்துப் பெட்டிக்குள் வைத்து, டேப் சுற்றி, யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். பஸ் நம்பரும் கண்டக்டரின் ஃபோன் நம்பரும் வாட்ஸ்அப்பில் வரும். விடியப்புறம் அப்பா மோட்டார் சைக்கிளில், அந்த பஸ் கடந்து போகும் பரந்தன் சந்திக்குப் போய் நிற்பார். ஒருமுறை கண்டக்டர் நித்திரையாகிவிட்டார். பெட்டி யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுப் பின்னேரம்தான் திரும்பியது.

ஆனால் அந்த முறையில் ஒரு ஒழுங்கு இருந்தது. பென் டிரைவைச் செருகியதும் ஒரு சின்ன நிரல் ஓடி, ஃபைலின் ஹேஷ் எண்ணை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்ட ஒரு அடையாளக் குறியை, திரையில் காட்டும். உதவிப் பிரிவில் இருந்த தம்பி ஃபோனில், "அக்கா, கடைசி ஆறு எழுத்தையும் வாசியுங்கோ" என்பார். நான் வாசிப்பேன். அவரிடம் இருப்பதோடு பொருந்தினால்தான் "சரி, இனிப் போடுங்கோ." வழியில் ஃபைல் பழுதானாலோ வைரஸ் புகுந்து மாற்றினாலோ அந்த எழுத்துகள் மாறிவிடும். அந்தக் காலத்துப் பென் டிரைவ்களில் ஷோர்ட்கட் வைரஸ் இல்லாதது எது?

2020இல் 4ஜி ரவுட்டர் போட்டோம். அப்டேட் நேரடியாக இறங்கத் தொடங்கியது. சுகம் என்று நினைத்தால் அங்கேதான் கரைச்சல். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் முழு மென்பொருளையும் 600 எம்பிக்குத் திரும்ப அனுப்புவார்கள். கடையில் இரண்டு கணினி, இரண்டும் தனித்தனியாக இறக்கும். பகல் டேட்டாவைக் காப்பாற்ற, நள்ளிரவுக்குப் பிறகு வரும் இரவு டேட்டாவில் இறங்கட்டும் என்று கணினியைப் போட்டுவிட்டுப் போவேன். 2022இல் அதுவும் சரிவரவில்லை. மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்டில் யார் கணினியை விடிய விடிய ஓட விடுவது?

அப்புறம் வற் எனும் பெறுமதி சேர் வரி. 2022 ஒக்டோபரில், எவ்வளவு விற்றால் இந்த வரிக்குப் பதிய வேண்டும் என்ற எல்லையை வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாயில் இருந்து 80 மில்லியனுக்கு இறக்கினார்கள். சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் எங்கள் வியாபாரமும் அதற்குள் விழுந்தது. 2024 ஜனவரி 1 முதல் வரி 15 வீதத்தில் இருந்து 18. அறிவிப்பு முன்னமே வந்துவிட்டது. கொம்பனியின் அப்டேட் வந்தது டிசம்பர் 31 பின்னேரம்.

ஒரு கணினியில் ஏறியது. மற்றதில் 83 வீதத்தில் சிக்னல் அறுந்து, திரும்பப் பூச்சியத்தில் இருந்து தொடங்கியது. விடிந்தால் திங்கட்கிழமை. ஒரு மேசையில் 18, மற்ற மேசையில் 15. வெளியே லான்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு ஒரு ஐயா நிற்கிறார்: "பிள்ளை, நீ பில்லை எழுது, நான் சீமெந்தை ஏத்துறன்." பழைய பில் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். அன்று கையால் எழுதிய பில்களை இரவு பதினொரு மணி வரை இருந்து கணினியில் ஏற்றினேன்.

அதைவிட மோசம் மறுநாள். டிசம்பர் 30இல் வாங்கிய பைப்பை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். விற்றது 15க்கு, அப்டேட் ஏறிய கணினி 18ஆகக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. பத்தாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு 300 ரூபாய் எங்கள் கையால் போகும். வரி வீதத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்திருக்கிறார்கள். வீதத்தையும் அது தொடங்கும் திகதியையும் ஒரு அட்டவணையில் வைத்திருந்தால் மூன்று கிழமைக்கு முன்னமே சில கேபியில் அனுப்பியிருக்கலாம். திகதி வரும்போது தானாக மாறும், பழைய பில்லுக்குப் பழைய வீதமே நிற்கும்.

இதை ஃபோனில் கத்தினேன், பிறகு மரியாதையாக மின்னஞ்சலும் எழுதினேன். மற்றக் கடைக்காரரும் கத்தியிருக்க வேண்டும். அந்த வருட நடுவில் முறை மாறியது. இப்போது மாறிய பகுதி மட்டும் வருகிறது, பெரும்பாலும் 20 எம்பிக்குள். அறுந்தால் அறுந்த இடத்தில் இருந்து தொடரும். ஒரு கணினி இறக்கினால் மற்றது கடை வயரிங்கிலேயே அதனிடம் வாங்கிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப ஒரு பொத்தானும் உண்டு.

2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்புக் கொம்பனியின் பிழையான அப்டேட் ஒன்று உலகம் முழுக்க 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் கொம்பனியும் எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவதை விட்டுவிட்டது. முதல் குழுவா, இரண்டாவதா, கடைசியா என்று கேட்டார்கள். கடைசி என்றேன். கொழும்புக்காரர் ஓட்டிப் பார்க்கட்டும், அவர்களுக்குத் திருத்த ஆள் பக்கத்தில் இருக்கிறது.

சந்தா பிந்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். ஒருமுறை ஒன்பது நாள் பிந்தினோம். அப்டேட் நின்றது, பில் நிற்கவில்லை. அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். குறை, மாதம் ஒருமுறை இணையத்தில் உரிமத்தைச் சரிபார்ப்பது. ஒருமுறை மின்னல் ரவுட்டரைக் கருக்கிய கிழமையில் அந்த நாள் வந்து, ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் தப்பினோம்.

இப்போதுள்ள பிரச்சினை வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, எங்கள் இரண்டாவது கணினி அதில்தான் ஓடுகிறது. அந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. பில்லிங் மென்பொருளின் அடுத்த பெரிய பதிப்பு விண்டோஸ் 10இல் வேலை செய்யாது என்று கொம்பனி முன்கூட்டியே எழுதிவிட்டது. கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓடுதுதானே, பிறகேன்?" என்றார்.