பழுதுப் பலகையோடு நான்கு ஆண்டுகள்

தூத்துக்குடியில் உள்ள ஒரு சிறிய பயிற்சிக் கூடத்தில் வயர்மேன் வேலை கற்றுக்கொள்ள வருபவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டிகளில் (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) அடிக்கடி தென்படும் பழுதுகளை அவர்கள் நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்பதற்காக 2021-இல் ஒரு காட்சிப் பலகை செய்தேன். நான்கு ஆண்டுகளில் எட்டுக் குழுக்கள் அதில் பயின்றிருக்கின்றன. இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் செய்த பலகை பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. 19 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் பதினான்கு பழுதுகளை வரிசையாகப் பதித்து, எண்ணிட்டு, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதி, தூசி படியாமல் அக்ரிலிக் தகட்டால் மூடியிருந்தேன். ஆறு மாதத்தில் மாணவர்கள் எல்லோரும் எண்ணைச் சொன்னவுடன் பழுதின் பெயரை ஒப்பித்தார்கள். அந்தச் சமயத்தில் விளக்குகள் மங்கி மங்கி எரிவதாகச் சொல்லப்பட்ட ஒரு வீட்டுக்கு அவர்களில் இருவரை அழைத்துச் சென்றேன். டிபியின் மூடியைக் கழற்றிக் கவனமாகப் பார்த்துவிட்டு, “சார், இதுல ஒண்ணுமே இல்லையே” என்றார்கள். சப்ளையை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பிறகு, நியூட்ரல் கம்பிகள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்கில் இருந்த கம்பியைப் பிடித்து இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. குறை அந்த மாணவர்களிடம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டிய என் பலகை, பழுது என்பது கண்ணுக்குத் தெரிவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அன்றே அக்ரிலிக் தகட்டைக் கழற்றிவிட்டேன். பழைய பலகையைப் பிரித்து, பன்னிரண்டு சிறிய இரும்பு டிபி பெட்டிகளைக் கொக்கிகளில் மாட்டும் விதமாகப் புதிதாக அமைத்தேன். எதிலும் பெயர் இல்லை. மாட்டும் இடத்தை வாரந்தோறும் மாற்றிவிடுவேன். பதினோரு பெட்டிகளில் பழுது இருக்கும், ஒன்று முற்றிலும் சரியாக இருக்கும். அதிகம் கற்றுக்கொடுப்பது இந்தச் சரியான பெட்டிதான். பழுதைத் தேடும் பழக்கம் வந்தவுடன் மாணவர்கள் அதிலும் ஏதாவதொரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது எதை வைத்துச் சொல்கிறாய், எந்த மீட்டர் காட்டியது என்று கேட்பேன். சரியான வேலையைக் குறை சொல்லிப் பிரித்துப் போடுவதும் வாடிக்கையாளருக்குச் செய்யும் கெடுதல்தான் என்பது அவர்கள் மனதில் பதிய வேண்டும்.

பலகைக்கு 230 வோல்ட் ஒருபோதும் கொடுப்பதில்லை. இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. பழுதுகளை வேண்டுமென்றே வைத்திருக்கும் இடத்தில் கற்றுக்குட்டிக் கைகள் நுழைகின்றன. நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் தரும் 12-0-12 வோல்ட், 10 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் இரு கடைசி முனைகளுக்கு இடையே கிடைக்கும் 24 வோல்ட்டில் ஏறக்குறைய எல்லாவற்றையும் காட்ட முடிகிறது. லோடுக்கு லாரி ஹெட்லைட் பல்புகள், 24 வோல்ட் 70 வாட், இரண்டு போதும். அவை சேர்ந்து 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இந்த மின்னோட்டத்தில் டெர்மினல் திருகின் இரு பக்கமும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அளந்தால், இறுகிய இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். கால் சுற்றுத் தளர்த்திக் கம்பியை லேசாக அசைத்தால் அது நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கும். லூஸ் கனெக்‌ஷன் என்ற சொல்லை நூறு முறை கேட்டவர்கள் அந்த எண் துடிப்பதைப் பார்க்கும்போதுதான் அதை உண்மையில் அறிந்துகொள்கிறார்கள். பிறகு கணக்குப் போடச் சொல்வேன்: 0.1 ஓம் தடை உள்ள இணைப்பில் 16 ஆம்பியர் ஓடினால் 25.6 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு ஒரு சிறு டிபி பெட்டிக்குள் நாள் முழுவதும் இருக்கிறது என்று பொருள்.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் பெட்டியே மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்க 12 வோல்ட்டில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, மறுபக்க 12 வோல்ட்டில் 5 வாட் பார்க்கிங் பல்பு, நடுமுனை நியூட்ரல். நடுமுனைக் கம்பியைக் கழற்றியவுடன் பெரிய பல்பு அணைந்தாற்போல் மங்கும். சிறிய பல்பு கண் கூசும்படி எரிந்து விரைவில் தீய்ந்துவிடும். இது மும்முனை இணைப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும், நியூட்ரல் போன மும்முனை இணைப்பு வீட்டில் ஓர் அறையின் ஃபேன் தளர்ந்து சுற்றும்போதே வேறொரு அறையின் டிவி ஏன் புகைகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் கரும்பலகையில் எழுத முடிந்ததில்லை. நான்கு ஆண்டுகளில் எத்தனை 5 வாட் பல்புகள் போயின என்று கணக்கு வைக்கவில்லை; டப்பாக் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறேன்.

மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபியைக் குறைந்த வோல்ட்டேஜில் இயக்க முடியுமா என்ற ஐயம் எனக்கே இருந்தது. நம் வீடுகளில் சாதாரணமாகப் பொருத்தப்படும் வகை, கசியும் மின்னோட்டத்தின் விசையாலேயே விழுவது, அதாவது தானாக அணைந்துகொள்வது; அதற்கு 230 வோல்ட் தேவையில்லை. 680 ஓம் ரெசிஸ்டர் வழியாக 24 வோல்ட்டைக் கசிய விட்டால் 35 மில்லிஆம்பியர் ஓடுகிறது, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழுகிறது. டெஸ்ட் பட்டன் மட்டும் வேலை செய்யாது, ஏனெனில் அதனுள் இருக்கும் ரெசிஸ்டர் 230 வோல்ட்டுக்குக் கணக்கிடப்பட்டது. இதை நான் விளக்கத் தவறிய ஒரு குழு, நல்ல ஆர்சிசிபியைக் கெட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்தது. ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை வேறு நியூட்ரல் லிங்கில் மாட்டிவைப்பதும் இதே பெட்டியில்தான். போன மின்னோட்டம் ஆர்சிசிபி வழியே திரும்பாததால், கசிவே இல்லாமல், பல்பைப் போட்டவுடன் ஆர்சிசிபி விழும். “அடிக்கடி விழுது” என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் மாணவர்களில் ஒருவர்கூட அதைச் செய்யக் கூடாது.

மற்றவற்றுக்குக் கண்ணே போதும். பீங்கான் பியூஸில் பியூஸ் கம்பிக்குப் பதிலாக முறுக்கிப் போட்ட தாமிர இழைகள், ஒரே திருகின் கீழ் 1 சதுர மில்லிமீட்டரும் 4 சதுர மில்லிமீட்டரும், டெர்மினலுக்குள் நுழையவில்லை என்று பாதி இழைகளை வெட்டிய கம்பி, இன்சுலேஷனின் மேல் இறுக்கிய திருகு, பல்லி நுழையும்படி அடைக்காமல் விட்ட ஓட்டை. இவற்றில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு, மின்னோட்டம் அளவை மீறினால் துண்டிக்கும் எம்சிபியை 32 ஆம்பியரில் போட்ட பெட்டியில் மட்டும் சற்று நின்று பேசுவேன். விதிமுறைப்படி அந்த எம்சிபி 1.13 மடங்கு, அதாவது 36 ஆம்பியர், ஒரு மணி நேரம் ஓடினாலும் விழக் கூடாது. அதில் பாதியளவுக்கே உரிய கம்பி அதற்குள் என்ன ஆகும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

கருகிய பாகங்களை நாமே தயாரிக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மெழுகுவர்த்தியில் காட்டிக் கருக்கிய எம்சிபியில் கரி மேற்பரப்பில்தான் படிந்தது. வேலையிடத்தில் கருகியதில் நிறமாற்றம் திருகின் அடியில் தொடங்கி வெளியே பரவியிருக்கும்; கம்பியின் இன்சுலேஷனும் டெர்மினலை ஒட்டிய இடத்தில் முதலில் கடினமாகி வெடித்திருக்கும். பொய்யான தடயத்தைப் பார்த்துப் பழகியவர் உண்மையானதைத் தவறாகப் படிப்பார். அதனால் வெளியே வேலை செய்யும் பழைய மாணவர்களிடம் கழற்றிய பாகங்களை வீசாமல் கொண்டுவந்து தரும்படி கேட்டுக்கொண்டேன். இப்போது பலகையில் இருக்கும் உருகிய நியூட்ரல் லிங்க் மூன்றும் அப்படி வந்தவை.

பராமரிப்பு நான் நினைத்ததைவிட அதிகம். தொடர்ந்து தளர்த்தி இறுக்குவதால் திருகின் புரி ஓராண்டில் மழுங்கிவிடுகிறது. இறுக்கும் விசையை அளவோடு நிறுத்தும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்கச் செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. ஆர்சிசிபியை ஒரு முறை மாற்றினேன். கடற்காற்றில் பெட்டிகள் துருப்பிடிக்கின்றன, தாமிரத்தில் பச்சைக் களிம்பு ஏறுகிறது.

அந்தக் கடற்காற்றே எதிர்பாராத ஒரு பாடத்தையும் தந்திருக்கிறது. எலி கடித்த வயர் உள்ள பெட்டியைத் தனியே கழற்றி, இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் சோதித்தால், மே மாதத்தில் 100 மெகாஓமுக்கு மேல் காட்டுகிறது. அதே வயர், யாரும் கை வைக்காமலேயே, நவம்பர் மழையில் 1 மெகாஓமுக்குக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு முறை அளந்து, தேதியுடன் அந்தப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் பென்சிலால் எழுதிவைக்கிறது. மூன்றாவது மழைக்காலத்தின் அளவுகள் இப்போது கதவின் அடிவிளிம்பை எட்டியிருக்கின்றன.